திரும்பப் பெற்ற கையெழுத்து

போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா? ஒரு பொருள் உண்ணத் தகுந்தது என்று எழுதிக் கொடுத்து, அது வண்டியேறி மலையிறங்கத் தொடங்கிய பிறகு, "நான் எழுதியது தவறு" என்று சொல்லும் உரிமை ஓர் ஆய்வாளருக்கு உண்டா? ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. நான் படித்த விதிமுறைகளில் அதற்குப் பதில் இல்லை. அருகில் கேட்பதற்கும் ஆள் இல்லை. உணவு ஆய்வகங்களில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களுக்கு அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறேன். பாராட்டுக்காக எழுதவில்லை. அன்று தவறு செய்ததும் நான்தான்.

கொடைக்கானலிலிருந்து பள்ளங்கி போகும் சாலையில் ஒரு சிறு உணவுத் தொழிற்சாலை. அங்கே நான் தரக்கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தேன். சுற்றியிருக்கும் ஊர்களில் விளையும் மலைப்பூண்டை வாங்கி, உரித்து, அரைத்து, எண்ணெயும் வினிகரும் சேர்த்து வெண்ணிறமான ஒரு சாஸ் செய்வோம். முட்டை சேர்ப்பதில்லை. வத்தலக்குண்டில் இருந்த மொத்த வியாபாரி ஒருவர் அதை வாங்கிச் சமவெளியிலுள்ள மாணவர் விடுதிகளுக்கு அனுப்புவார். உரிப்பதற்கும் அரைப்பதற்கும் இருபத்திரண்டு பெண்கள். பெரும்பாலும் பூண்டு பயிரிடும் குடும்பத்தினர்.

அந்தச் சாஸுக்கு ஒரு நோய் இருந்தது. மலைமேல் குளிரில் கெட்டியாக, அழகாக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, வத்தலக்குண்டு வெயிலில் போய் இறங்கும்போது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஆகவே எந்தப் புதிய கலவையையும் நாங்கள் ஆய்வகத்தில் மட்டும் சோதிப்பதில்லை. ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றி, வத்தலக்குண்டு வரை அனுப்பி, மறுநாள் திரும்ப வரவழைப்போம். "மலை இறக்கிப் பார்த்தாச்சா?" என்பதுதான் எங்கள் தொழிற்சாலையில் ஒரு கலவையின் தகுதியைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள்கள் பல உண்டு. நாங்கள் பயன்படுத்திய பிசின் அவற்றில் ஒன்று. ஆனால் வியாபாரிக்கு அதன் பெயருக்குப் பின்னால் வந்த குறியீட்டு எண் பிடிக்கவில்லை. எண்ணைப் பார்த்தால் மக்கள் ரசாயனம் என்று நினைக்கிறார்களாம். மேலாளர் என்னிடம் வந்தார்.

"மேடம், நம்பர் இல்லாம, இயற்கையா ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னவள் நான்தான். சில நுண்ணுயிர்கள் தங்கள் பிழைப்புக்காகச் சோப்பைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலக்கச் செய்யும் பொருள் அது. பயோசர்ஃபாக்டன்ட் என்பார்கள். மதுரையில் முதுகலை படித்தபோது, ஈஸ்ட் ஒன்று சுரக்கும் அப்படியொரு பொருளைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினேன். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் சோப்புகளால் ஆறுகள் நுரைத்துக் கிடக்கும் நாட்டில், மண்ணில் மக்கிப்போகும் இந்தப் பொருள் ஒரு நாள் எல்லாவற்றையும் மாற்றும் என்று நம்பியவள் நான். இன்றும் அந்த நம்பிக்கை குறையவில்லை. தொழிலாளர் கூட்டத்தில் நின்று, "தயிரைத் தருவதும் நுண்ணுயிர்தான், இதைத் தருவதும் நுண்ணுயிர்தான்" என்று வகுப்பே எடுத்தேன். நம் பாடத்தை நாம் மிகவும் நேசிக்கும்போது கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். என் தவறு அங்கிருந்து தொடங்கியது.

முதலில் ஒரு சிறு குப்பியில் மாதிரி வந்தது. ஈஸ்ட் தந்தது, உணவுத் தரம், ஆவணங்கள் சரி. கலந்து பார்த்தோம், மலை இறக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பிரியவில்லை. புதிய சேர்க்கைப் பொருளுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று நான் நினைவூட்டியபோது மேலாளர், "அப்ளிகேஷன் போயாச்சு மேடம்" என்றார். விண்ணப்பம் போவதும் அனுமதி வருவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அறிந்தவள், அறியாதவள்போல் தலையாட்டினேன். நம் அலுவலகங்களில் "போயாச்சு" என்ற சொல்லுக்கு "வந்தாச்சு" என்று பொருள் கொள்ளும் பழக்கம் இருக்கிறது. நீங்கள் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகாதீர்கள்.

சில வாரங்களில் உற்பத்திக்கான டிரம் வந்தது. ஒரு திங்கட்கிழமை முதல் தொகுதியைச் செய்தோம். புதன்கிழமை வரை சோதித்தேன்: கிருமி எண்ணிக்கை, அமிலத்தன்மை, கெட்டித்தன்மை. அத்தனையும் வரம்புக்குள். வியாழன் காலை விடுவிப்புச் சான்றில் கையெழுத்திட்டேன். பத்து மணிக்கு ஓட்டுநர் கருப்பையா அறுநூறு பாட்டில்களோடு கிளம்பினார். உடனே இரண்டாவது தொகுதிக்கான வேலை தொடங்கியது.

பத்தரை மணிக்குக் கலவைக் கூடத்திலிருந்து ஒரு குரல்.

"மேடம், கொஞ்சம் வாரீங்களா? வெரசா வாங்க."

கூப்பிட்டவர் பாக்கியம். பள்ளங்கிக்காரர், கலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். திங்கட்கிழமை அவர் வரவில்லை. வயலில் பூண்டுக்கு மருந்தடிப்பு என்று விடுப்பு எடுத்திருந்தார். எனவே அந்த டிரம்மின் திரவத்தை அவர் இந்த வியாழனன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். சுடுநீரில் ஊற்றிக் கலக்கியபோது எழுந்த ஆவிக்கு முன்னால் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"இது என்னங்க மேடம்? ஒட்டு மருந்துதான இது?"

"என்ன ஒட்டு மருந்து?"

"திங்கக்கெழம பூரா இதத்தான் எங்க வீட்டுக்காரருக்குக் கலக்கிக் குடுத்தேன். பூண்டுத் தாள்ல தண்ணி நிக்காதுல்ல, வழுக்கிட்டு ஓடிரும். இத ரெண்டு மூடி ஊத்துனா மருந்து அப்பிக்கிட்டு நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வயலில் பூச்சிமருந்தோடு சேர்க்கும் ஒட்டுத் திரவமும் ஒரு சர்ஃபாக்டன்ட்தான். மெழுகு படிந்த பூண்டு இலையில் நீரை நிற்க வைக்கும் குணமும், சாஸில் எண்ணெயை நிற்க வைக்கும் குணமும் ஒன்றே. அதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். குணம் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அறிவியல்படி சரி.

"நான் கொணத்தச் சொல்லல மேடம். நாத்தத்தச் சொல்றேன்."

பக்கத்தில் பூண்டு அள்ளிக்கொண்டிருந்த பெண் சிரித்தார். "ஏக்கா, மருந்தடிச்சுட்டு வந்து ஒன் மூக்குலயே அந்த வாடை நிக்குது. மேடம் படிச்சவுக. பாக்காமலா விட்டுருப்பாக?"

பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படிச்சவுக மோந்து பாத்தாகளா? அதக் கேளு."

நான் முகர்ந்து பார்க்கவில்லை. நாள் முழுவதும் பூண்டு அரைபடும் இடத்தில் எங்கள் மூக்குகள் வேலை செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மோப்பம் என் சோதனைப் பட்டியலிலும் இல்லை. குனிந்தேன். பூண்டுக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. ஊறிப் புளித்த சோப்பைப் போல. ஆய்வேட்டுக்காக இரண்டு ஆண்டுகள் நான் கையாண்ட ஈஸ்ட் பொருளின் வாடை அதுவல்ல.

"டிரம் எங்கே?" என்றேன்.

கிடங்குப் பொறுப்பாளர் சேவியர் காட்டினார். நீல டிரம். அதன் வயிற்றில் எங்கள் தொழிற்சாலையின் லேபிள்: பயோசர்ஃபாக்டன்ட், உணவுச் சேர்க்கைப் பொருள், பெற்ற நாள். பிளாஸ்டிக் உறை போட்ட, பளபளக்கும் லேபிள். அதை ஒட்டச் சொன்னதும் நான்தான். அந்த மலையில் மூடுபனி கிடங்குக்குள்ளும் வரும். காகித லேபிள்கள் ஊறி விழுந்து, எந்த டிரம்மில் எது என்று தெரியாமல் ஒருமுறை குழம்பியிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன். எந்தப் பொருள் வந்தாலும் இறக்கிய உடனேயே, அனுப்பியவரின் லேபிளுக்கு மேல் நம் லேபிளை இறுக்கி ஒட்டிவிட வேண்டும். ஆய்வுக்கு வந்தவர்கள் அந்த ஒழுங்கைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

"இதுக்கு அடியில என்ன எழுதியிருந்தது, சேவியர்?"

"பாக்கலைங்க மேடம். சார் கொடுத்த பேரை அடிச்சு ஒட்டிட்டேன். வந்ததும் ஒட்டணும்னு நீங்கதானே..."

பாக்கியம் ஒரு செம்பு சுடுநீரைக் கொண்டுவந்து லேபிளின் மேல் ஊற்றினார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். அடியில் இருந்த லேபிளில் ஓர் இலையும் அதன்மேல் ஒரு நீர்த்துளியும் வரைந்திருந்தது. பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது, பயிர்த் தெளிப்புக்கு மட்டும், உணவிலோ தீவனத்திலோ சேர்க்கக் கூடாது. தெளிவான தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. அனுப்பியவர்கள் எதையும் மறைக்கவில்லை. அங்கே பெயர் போட்டிருந்த அந்தப் பாக்டீரியா, புண்களில் புகுந்து சீழ் பிடிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்தது என்பது நான் படித்த பாடம்தான். என் விதியே அதை என் கண்ணிலிருந்து மூடியிருந்தது.

அறுநூறு பாட்டில்கள் மலையிறங்கிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் வியாபாரியின் கிடங்கு, மாலைக்குள் விடுதிகள். மேலாளர் வங்கிக்குப் போயிருந்தார். அவருடைய கைபேசி அணைந்திருந்தது. கருப்பையாவின் எண்ணுக்கு அடித்தேன். மலைப்பாதையில் எல்லா வளைவிலும் தொடர்பு கிடைக்காது. நான்காவது முறை கிடைத்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பெருமாள்மலையில மேடம். ஒரு டீயப் போட்டுட்டுக் கெளம்பலாம்னு. சொல்லுங்க."

"வண்டியத் திருப்புங்க."

"என்ன, பில்லு ஏதும் விட்டுப்போச்சா?"

"சரக்கு கீழ போகக் கூடாது. திருப்புங்க."

"சார் சொன்னாருங்களா?"

"இல்ல. நான் சொல்றேன்."

"மேடம், தப்பா எடுத்துக்கிறாதீங்க. எடுக்கச் சொன்னது அவரு. நீங்க சொல்லித் திருப்புனா நாளைக்கு என் சோலி போயிரும். பெறகு நீங்களா வந்து பேசுவீங்க?"

அவர் கேட்டது நியாயம். எனக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"உங்க கையில ஒரு சர்டிஃபிகேட் குடுத்தேன்ல? அதுல யார் கையெழுத்து இருக்கு?"

"ஒங்களோடது."

"அது இப்ப செல்லாது. நான் திரும்ப வாங்கிட்டேன். கையெழுத்து இல்லாத சரக்க நீங்க எறக்குனா, நாளைக்குக் கேள்வி வரும்போது மாட்டுறது நீங்கதான். யாரு கேட்டாலும், கையெழுத்துப் போட்டவுகளே வேண்டாம்னுட்டாக, அதான் திருப்பிட்டேன்னு சொல்லுங்க. நான் எழுதியே தர்றேன்."

கண்ணாடிக் குவளை மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"டீயக் குடிச்சுட்டுத் திருப்பவா, குடிக்காமலேவா?"

"குடிச்சுட்டே திருப்புங்கண்ணே."

அவர் வருவதற்கு முன் மூன்று தாள்களில் ஒரே வாசகத்தை எழுதினேன். இந்தத் தொகுதிக்கு நான் அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். சேர்க்கப்பட்ட பொருள் உணவுக்கானது அல்ல. நான் அதைச் சரிபார்க்கத் தவறினேன். ஒன்று கருப்பையாவுக்கு, ஒன்று மேலாளருக்கு, ஒன்று உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு. மூன்றாவதை எழுதும்போது உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் வரத்தான் செய்தது. உள்ளேயே தீர்த்தால் அடுத்த வாரமே அது உள்ளேயே மறுபடி நடக்கும் என்று எனக்குத் தோன்றியதால் எழுதி முடித்தேன்.

வண்டியும் மேலாளரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள்.

"யாரைக் கேட்டு வண்டியைத் திருப்புனீங்க?"

உரித்த லேபிளைக் காட்டினேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மாதிரி அனுப்பியவர் தாமதமாகும் என்றதால், கீழே வேறொரு முகவரிடம் வாங்கியிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாரு. ரெண்டும் பயோதானே?"

"வேற வேற சார்."

"தயிர்ல என்ன இருக்கு? பாக்டீரியா. தோசை மாவுல? பாக்டீரியா. இதுவும் பாக்டீரியா. நீங்கதானே எல்லாரையும் உக்கார வச்சுக் கிளாஸ் எடுத்தீங்க?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. நான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

"தயிரை எத்தனையோ தலைமுறை சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் நமக்குக் குடுத்திருக்காங்க. இந்த டிரம்ல இருக்கறத யாரும் சாப்பிட்டுப் பாக்கலை. முதல்ல சாப்பிட்டுப் பாக்கறது ஆஸ்டல் பிள்ளைங்களா இருக்கணுமா?"

"ஒரு ஸ்பூன்ல அது எவ்வளவு இருக்கும்? யாருக்கு என்ன ஆயிரும்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியாது சார். தெரியாதுங்கறதுதான் என் ரிப்போர்ட்."

"நீங்களே டெஸ்ட் பண்ணி ஓகேன்னீங்க."

"ஆமா. தப்பாச் சொன்னேன். அதையும் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். மூன்றாவது தாள் யாருக்கு என்பதைப் படித்தபோதுதான் அவருடைய முகம் மாறியது. கிழித்துப் போடச் சொன்னார். மறுத்தேன். இருபத்திரண்டு குடும்பங்களின் அடுப்பை அணைக்கிறேன் என்றார். அது உண்மை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து டிரம்மையும் பாட்டில்களையும் முத்திரையிட்டார். சரக்கு முழுவதும் அழிக்கப்பட்டது. தொழிற்சாலை மூன்று வாரம் மூடிக் கிடந்தது. வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார். கூலி நின்ற பெண்கள் கதவருகே நின்று பேசியது என் காதில் விழவேண்டும் என்றே பேசப்பட்டது.

"மேடத்துக்கு மாசம் பொறந்தா சம்பளம். நாம வெள்ளனே எந்திரிச்சு எங்க போக?"

"எல்லாம் இந்தப் பாக்கியத்தால வந்தது. பெரிய மூக்கு!"

பாக்கியம் அங்கேயேதான் நின்றார். அவருக்கும் அந்த மூன்று வாரக் கூலி இல்லை. "என் சின்னவ திண்டுக்கல்லுல ஆஸ்டல்லதான் கெடக்கா. அவ தட்டுல விழுந்தாத்தான் ஒங்க மூக்குக்கு நாறுமாடி?" என்றார். பெண்கள் கலைந்து போனார்கள். பலர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்திருக்க வேண்டும் என்றும் நான் எண்ணவில்லை.

இளையவர்களே, இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பதை என்னால் தர இயலாது. அந்தச் சாஸை உண்டு யாரும் நோயுற்றதாக நிரூபணம் இல்லை. முதல் நாள் சுவை பார்க்க நாங்கள் எல்லோருமே ஆளுக்கொரு கரண்டி உண்டோம், நான் உட்பட. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவே நான் மிகையாக நடந்துகொண்டேன் என்று அன்றும் சொன்னார்கள், ஓய்வு பெற்ற பின்பும் சொல்கிறார்கள். சொல்லட்டும். யாருக்கும் எதுவும் ஆகாது என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லாதபோது ஒரு குழந்தையின் தட்டில் ஒன்றை வைக்க எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்பது வழக்கு மன்றத்தில் மனிதனுக்குத் தரும் சலுகை. டிரம்மில் வரும் திரவத்துக்கு அந்தச் சலுகையைத் தராதீர்கள்.

நுண்ணுயிர் தரும் சேர்க்கைப் பொருள்களை நான் எதிர்க்கவில்லை. அவை வரவேண்டும். எந்த உயிர் தந்தது, எதை உண்டு வளர்ந்தது, எப்படித் தூய்மையாக்கப்பட்டது, எவ்வளவு உண்ணலாம் என்ற விடைகளோடு வரட்டும். அனுமதி கையில் வந்த பிறகு வரட்டும். இயற்கை என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி உள்ளே நுழைய முயலும் எதையும் வாசலிலேயே நிறுத்துங்கள். உங்கள் படிப்பு எந்தப் பொருளை அதிகம் நேசிக்கச் சொல்கிறதோ, அதை இருமுறை நிறுத்துங்கள். அருகில் நிற்பவர் நாறுகிறது என்று சொன்னால், விளக்கம் சொல்வதற்கு முன் குனிந்து முகருங்கள்.

நிர்வாகம் என்னைத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து நீக்கிக் கிடங்குக்கு மாற்றியது. தண்டனை என்றுதான் நினைத்தார்கள். ஓய்வு பெறும் வரை இரண்டு ஆண்டுகள் அங்கேதான் இருந்தேன். முதல் வாரமே நான் எழுதிய பழைய விதியை நானே ரத்து செய்தேன். பிசினுக்கே திரும்பிய சாஸில் இன்றும் வத்தலக்குண்டு வெயிலில் கொஞ்சம் எண்ணெய் மிதக்கிறது. குலுக்கிப் பயன்படுத்தவும் என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கிறார்கள். கிடங்கில் எங்கள் அட்டையை டிரம்மின் கழுத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுகிறார்கள். அனுப்பியவர் ஒட்டிய லேபிளின் மேல் அங்கே இப்போது எதுவும் ஒட்டப்படுவதில்லை.